சட்டைப்பை உயரம்

களக்.

குளியலறைத் தரையில் தண்ணீர் போகப் பதித்த ஜாலிக்கு அடியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. யாரோ பேச வாயெடுத்து, தொண்டையைச் செருமிவிட்டு, வேண்டாமென்று விட்டுவிட்ட மாதிரி. இன்னொரு களக். பிறகு ஒரு குமிழி உடைந்தது.

தென்னூரில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறேன். ஆறு இங்கே ஏறி வர வேண்டுமானால் மலைக்கோட்டைப் படிக்கட்டில் பாதி நனைந்திருக்க வேண்டும். கீழ்வீட்டில் தொட்டியைத் திறந்துவிட்டிருப்பார்கள், குழாயில் காற்று ஏறியிருக்கும், அவ்வளவுதான். தெரியும். தெரிந்தும், வாயில் பிரஷ்ஷும் நுரையுமாக, குனிந்து அந்த ஜாலியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெள்ளம் வாசல் வழியாக வருமென்று நினைப்பவர்கள் வெள்ளம் பார்க்காதவர்கள். ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடத்துப் பக்கம் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், அந்த ஐப்பசியில் அப்பா வாசலில் மணல்மூட்டை அடுக்கிவிட்டு நிமிர்ந்தபோது, தண்ணீர் எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தது. குளியலறை ஜலதாரையிலிருந்து. கறுப்பாக, காலையில் குளித்த சோப்பின் வாசனையோடு. நாங்கள் அனுப்பிவைத்த தண்ணீர்தான், கூட ஆட்களைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. அதற்கு முன் அது களக் என்றது. இரண்டு தடவை. அம்மா அடுப்படியிலிருந்து, "யாரு அது பாத்ரூம்ல?" என்று கேட்டாள்.

வாய் கொப்பளிக்கும் முன்பே போன் அடித்தது. அக்கா. நாமக்கல்லிலிருந்து.

"ஏண்டி, ஒரு நல்ல சேதி. வீடு அமைஞ்சிடுச்சு."

"எங்கக்கா?"

"நம்ம தெருவுலயேடி. நாம இருந்தோம்ல, அதே எடம். பழசை இடிச்சுட்டு வரிசையா மூணு வீடு கட்டியிருக்காங்க. நடு வீடு. கீழ மட்டும்தான், ஒரு படி கூட இல்ல. அத்தான் முட்டிக்கு அதுதானே வேணும்."

நுரையைத் துப்பினேன்.

"அக்கா, அங்க தண்ணி வந்துச்சு."

"எப்ப?"

அந்த 'எப்ப?' இருக்கிறதே, அதை நான் இன்னும் கீழே வைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு அலைகிறேன்.

தண்ணீர் வந்தபோது அந்த வீட்டில் அவளும் இருந்தாள். பிரசவத்துக்கு வந்தவள், நான்கு மாதக் குழந்தையோடு. துணி ஊறவைக்கும் நீல டப்பில் குழந்தையைப் படுக்கவைத்து, அப்பா அதைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போனார். அதே அக்காதான் கேட்கிறாள், எப்ப என்று. மழை பெய்ததா என்று கேட்பதுபோல.

ஆடி என்பதால் பத்திரம் நின்றிருந்தது. ஆடியில் யாரும் வீடு பதிய மாட்டார்கள். ஆவணி பிறந்து முதல் முகூர்த்தத்தில் என்று முடிவாகியிருந்தது. நல்ல காரியத்துக்கு ஆகாத மாதம் என்று ஒதுக்கிய ஆடிக்கு நான் வாழ்க்கையில் முதல்முறையாகக் கும்பிடு போட்டேன். எனக்கு நாள் இருந்தது. அத்தான் இருபது வருஷத்துக்கு மேல் லாரிக்கு பாடி கட்டி முட்டி தேய்ந்தவர். இரண்டு முட்டியிலும் ஆபரேஷன். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு வரவே சுவரைப் பிடிக்கிறார். அவர்களால் இந்த ஒரு வீடுதான் வாங்க முடியும், இன்னொன்று முடியாது. ஓட முடியாத ஒரு மனிதரை, ஜலதாரை பேசத் தொடங்குகிற தரையில் கொண்டுபோய் வைக்கப் போகிறாள். நிறுத்த வேண்டும். அதுதான் என் ஆடி.

அந்தச் சனிக்கிழமை வீட்டைப் பார்க்க இருவரும் வந்தார்கள். நானும் போனேன். புதுப் பெயின்ட் வாசனை கண்ணைக் கரித்தது. சுவர்கள் வழுவழுவென்று, கன்னம் வைத்துப் பார்க்கலாம்போல. முன்பு இதே இடத்தில் சுண்ணாம்புச் சுவர்கள் இருந்தன. வெள்ளம் வடிந்த பிறகு அவற்றில் ஒரு பழுப்புக் கோடு நின்றது, வீட்டைச் சுற்றி இடுப்புக்கயிறு கட்டியதுபோல. பொங்கலுக்கு வெள்ளையடித்தோம். பத்து நாளில் கோடு மஞ்சளாக வெளியே வந்தது. மறுபடி அடித்தோம், மறுபடி வந்தது. சுண்ணாம்புக்கு மறக்கத் தெரியாது. சுவருக்குப் பட்டி பூசித் தேய்த்து, அதன் மேல் பிளாஸ்டிக் பெயின்ட் அடிக்கிற காலம் வந்த பிறகுதான் தெரு முழுக்கக் கோடு போனது.

கட்டியவரின் ஆள் ஒருவர் சுற்றிக் காட்டினார். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வரிசையாக ப்ளக் துளைகள்.

"என்னங்க இவ்வளவு கீழ?"

"இப்ப இதாம்மா மாடல். ஒயரே கண்ணுல படாது. டிவிக்குப் பின்னாடி நீட்டா போயிடும்."

"தண்ணி வந்தா?"

அவர் சிரித்தார். "தண்ணியா? போர் போட்டிருக்கோம்மா, கார்ப்பரேஷன் குழாயும் இருக்கு. தண்ணிக்கு இங்க பஞ்சமே கிடையாது."

அக்கா என் முழங்கையில் இடித்தாள். "அபசகுனமா பேசாதடி. முழங்கால் அளவு வந்துச்சு, வடிஞ்சுது. ஊர்ல எங்கதான் வரல?"

"முழங்காலா? அப்பா நெஞ்சு வரைக்கும் வந்துச்சு."

"இவ ஒருத்தி. ஒட்டடைக்குச்சி கணக்கா வளந்தியே தவிர, ஒண்ணைப் பத்தாச் சொல்ற புத்தி போகல. கவிதை எழுதறவளுக்குக் கொட்டாங்குச்சித் தண்ணியும் கொள்ளிடம்தான்."

ஒட்டடைக்குச்சி என்பது என் வீட்டுப் பெயர். அக்கா அம்மாவைப் போலக் குள்ளம். எனக்கு அப்பாவின் உயரம், விரற்கடை கூட வித்தியாசம் கிடையாது. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு நான் கடைக்குப் போனால், பின்னாலிருந்து பார்த்து அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். இப்போது கேட்க அவரும் இல்லை, அம்மாவும் இல்லை.

"பாப்பாவை டப்புல வெச்சு தலைக்கு மேல தூக்கிட்டுப் போனாரே, அதுவும் கவிதையா?"

"தூக்கினார். அது ஈரம் படக்கூடாதுன்னு."

அத்தான் அங்கிருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். அந்த வெள்ளத்தின்போது அவர் சிங்கப்பூரில் வெல்டர். "நான் ஊர்ல இல்லம்மா, சாட்சிக்கு என்னைக் கூப்பிடாதீங்க," என்றவர், போனை எடுத்து வாயருகே வைத்துத் தெருப் பெயரைச் சொல்லிக் கேட்டார். எங்கள் யாருக்கும் வராத சுத்தத் தமிழில் போன் பதில் சொன்னது: அப்பகுதியில் குறிப்பிடத்தக்க வெள்ளப் பாதிப்பு குறித்த தகவல் எதுவும் கிடைக்கவில்லை.

"கேட்டுக்க," என்றாள் அக்கா.

தெருமுனை மளிகைக்கடைக்கு அவளை இழுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் அதே ஆள்தான், தலை மட்டும் நரைத்திருந்தது. அன்றைக்கு அவர் கடையில் அரிசி மூட்டைகள் ஊறி வெடித்தன. தெரு ஒரு வாரம் புளித்த மாவாக நாறியது. தராசு வைக்கும் மேசை மேல் ஏறி நின்றுகொண்டு இவர் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது.

"அண்ணே, அந்த வருஷம் தண்ணி வந்துச்சே, உங்களுக்கு ஞாபகம் இருக்குமே."

உளுத்தம்பருப்பைப் பொட்டலம் கட்டியபடியே சொன்னார். "வந்துச்சும்பாங்க. அதெல்லாம் தெருமுனையோட சரிம்மா."

"நீங்க இருக்கறதே தெருமுனைதானேண்ணே."

"ஆமாமா," என்றார். நூலைப் பல்லால் கடித்தார். அடுத்த ஆளைப் பார்த்து, "உங்களுக்கு என்னங்க?" என்றார்.

அந்தத் தெருவுக்கு ஒரு வாட்ஸப் குழு உண்டு. வீடு பேசி முடித்த அன்றே அக்காவையும் சேர்த்திருந்தார்கள். என் நச்சரிப்பு தாங்காமல் அவள் அதில் கேட்டாள், இங்கே எப்போதாவது வெள்ளம் வந்ததுண்டா என்று. ஒருவர், பன்னிரண்டு வருஷமாக இருக்கிறோம், ஒரு சொட்டு வந்ததில்லை என்றார். ஒருவர் கை கூப்பினார். ஒருவர் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் போட்டார். பிறகு யாருக்கோ பூனைக்குட்டி வேண்டுமா என்று பேச்சு போய்விட்டது.

பொய் சொல்லவில்லை யாரும். அதுதான் என்னைத் தூங்கவிடாமல் புரட்டியது. முதல் வருஷம் கழுத்து என்றார்கள். கொஞ்ச காலத்தில் இடுப்பு. அப்புறம் முழங்கால். அப்புறம், தெரு கொஞ்சம் நனைந்தது. ஆற்றில் வடிவதைவிட வேகமாக ஆட்களிடம் வெள்ளம் வடிகிறது. இருந்தவர்கள் விற்றுக்கொண்டு போகிறார்கள், வந்தவர்கள் போனைக் கேட்கிறார்கள், போன் தனக்கு யாரும் சொல்லாததைத் தெரியாது என்கிறது. நேற்று மின்கம்பத்தில் காக்கை செத்ததற்குப் படம் இருக்கிறது, நான்கு கோணத்தில். ஒரு தெரு முழுகியதற்கு இல்லை. அப்போது எங்கள் போனில் கேமரா கிடையாது. பட்டன் மட்டும்தான்.

ஆனால் என்னிடம் ஒன்று இருந்தது.

பாப்பா பிறந்ததும் அவளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி அத்தான் சிங்கப்பூரிலிருந்து ஒரு சின்ன வீடியோ கேமராவைக் கொடுத்தனுப்பியிருந்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கேசட் அதற்கு. தண்ணீர் ஏறிய அன்று மொட்டைமாடிக்குப் போகும் படியில் நின்று நான் அதில் எடுத்தேன். மிதந்துபோன சிலிண்டர், எதிர்வீட்டு ஜன்னல் கம்பியில் தொங்கிய பாம்பு, நீல டப், அப்பாவின் தலை. எடுத்தது சத்தியம்.

அலமாரியைக் கவிழ்த்தேன். இந்த இருபத்துச் சொச்ச வருஷத்தில் எத்தனை சாமான் ஒரு வீட்டுக்குள் வந்து செத்திருக்கிறது! வயிறு உப்பிய பேட்டரியோடு இரண்டு போன். பூஞ்சை பிடித்த சிடிக்கள், உள்ளே யாருடைய கல்யாணமோ. எதிலும் நுழையாத முனையோடு சார்ஜர்கள், ஒரு கூடை. நகத்தளவு மெமரி கார்டு ஒன்று, அதில் என்ன இருக்கிறது என்று அதற்கே தெரியாது. எல்லாவற்றையும் இதில் போட்டுவை, இனிக் கவலையில்லை என்று ஒவ்வொன்றும் சொல்லித்தான் வந்தது. கடைசியில், அம்மாவின் மாத்திரை டப்பாவுக்குள், அந்தக் கேசட். மேலே ஒட்டிய சீட்டில் என் கையெழுத்து: தண்ணி.

கேமரா என்றோ செத்துப்போயிருந்தது. சத்திரம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றிய கடைகள், சிங்காரத்தோப்பு, தில்லைநகர். "இது பாட்டு கேசட்டாங்க மேடம்?" என்றது ஒரு கடை. "மெட்ராஸுக்குக் கூரியர் போடணும், வர ஒரு மாசம் ஆகும்," என்றது இன்னொன்று. ஒரு மாதத்தில் ஆவணி வந்துவிடும். கைப்பையில் அந்தத் தெருவின் வெள்ளத்தை, முப்பது கிராம் எடையில், வெயிலில் தூக்கிக்கொண்டு அலைந்தேன். யாரிடமும் அதைத் திறக்கச் சாவியில்லை.

பொன்மலையில் ஒருவர் இருப்பதாக யாரோ சொன்னார்கள். கல்யாண வீடியோ எடுப்பவர். நான் போனபோது சாயங்கால ஷிஃப்ட் விட்டு ரயில்வே ஒர்க் ஷாப் ஆட்கள் வண்டியிலும் சைக்கிளிலும் வந்துகொண்டிருந்தார்கள். அப்பாவும் இந்த ஒர்க் ஷாப் வாசலில்தான் முப்பது வருஷம் நுழைந்து வெளியே வந்தார். நான் ஓரமாக நின்று, கூட்டம் கடக்கும்வரை ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எதற்கு என்று தெரியவில்லை.

ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் ஏதோ கல்யாண மண்டபத்தின் மேல் ட்ரோனைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தார். மேசைக்கு அடியில் காலை நீட்டி, தூசிபடிந்த பெட்டி ஒன்றை வெளியே தள்ளினார்.

"இது ஓடுதுங்க. எதுக்குன்னு தூக்கிப் போடாம வெச்சிருக்கேன்னு வீட்டுல திட்டு. என்னம்மா, கல்யாணமா, வளைகாப்பா?"

"தண்ணிங்க. வெள்ளம்."

"வெள்ளமா!" சீட்டைப் படித்துப் பார்த்தார். "இந்தக் கேசட்டைத் தூக்கிட்டு வரவங்க பூரா மனுஷங்களைத் தேடித்தாங்க வருவாங்க. தண்ணியைத் தேடி வந்த மொத ஆளு நீங்கதான்."

திரை நீலமானது. கோடுகள் ஓடின. பிறகு நாதஸ்வரம்.

நான் நாற்காலியின் நுனிக்கு வந்தேன். திரையில் தோரணம் கட்டிய எங்கள் பழைய கூடம். பட்டுப்பாவாடையில் பாப்பா. ஒன்றுவிட்ட மாமா ஒருவரின் மடி, எதிரே ஆசாரி, தட்டில் தோடு. காதுகுத்து. வெள்ளத்துக்கு அடுத்த தை மாதம் நடந்தது. எல்லோரும் சிரிக்கிறார்கள்.

"தண்ணி பின்னாடி இருக்குமோ?" என்றார் ஸ்டுடியோக்காரர். முன்னே ஓட்டினார். காதுகுத்து. இன்னும் முன்னே. பந்தி, இலை, யாரோ பாயசம் வேண்டாம் என்று கையால் மறைக்கிறார். அப்புறம் கறுப்பு.

"மேலயே எடுத்திருக்காங்கம்மா. அந்தக் காலத்துல கேசட் கிடைக்காது பாருங்க, ரீவைண்ட் பண்ணிட்டுப் பழசு மேலயே எடுத்துருவாங்க. ரொம்பப் பேரு செய்யறதுதான். யாரு எடுத்ததுங்க இது?"

நான்தான்.

காதுகுத்துக்கு முதல்நாள், கையில் ஒரே ஒரு கேசட்டோடு, பட்டனை அழுத்திப் பின்னால் சுற்றியது நான்தான். விரல்கூட ஞாபகத்துக்கு வந்தது. இதென்ன பெரிய வெள்ளம், இதை யார் திரும்பப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்திருப்பேன். சீட்டை மட்டும் மாற்றவில்லை. இத்தனை நாள் அந்தச் சீட்டைத்தான் என் ஞாபகம் என்று வைத்திருந்தேன். மளிகைக்கடைக்காரரை, அக்காவை, தெருவை, போனை, எல்லோரையும் சபித்துக்கொண்டு ஊரைச் சுற்றியவள், முதலில் அழித்தவள்.

எழுந்திருக்கப் பார்த்தேன். "இருங்க, இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, காதுகுத்தையாவது போன்ல ஏத்தித் தரேன்," என்று அவர் முதலிலிருந்து ஓட்டினார்.

ஆசாரி ஊசியை எடுக்கிறார். பாப்பாவின் தலைக்குப் பின்னால் சுவர் முழுக்க அம்மாவின் அரக்குப் பட்டுப்புடவை தொங்குகிறது. இரண்டு ஆணியில் மாட்டியது. வீட்டில் யாரும் காதுகுத்துக்குச் சுவருக்குப் புடவை கட்டுவதில்லை, அப்படியொரு வழக்கம் எங்களுக்குக் கிடையாது. படத்துக்கு வெளியிலிருந்து அக்காவின் குரல்: "இன்னும் கொஞ்சம் கீழ எறக்கி மாட்டுங்கப்பா, அந்தக் கறை தெரியுது." ஊசி இறங்கியது. பாப்பா அலறி உதைத்தாள். மாமா பின்னால் சாய்ந்தார். புடவை ஓர் ஆணியிலிருந்து நழுவிச் சரிந்தது.

கோடு.

மஞ்சளும் பழுப்புமாக, நேராக, சட்டம் வைத்துப் போட்டதுபோல. ஆசாரி நிமிர்ந்து பார்த்தார். "என்னங்கய்யா இது செவுத்துல?" புடவையைத் தூக்கிக் கட்ட அப்பா படத்துக்குள் வந்தார். வெள்ளைச் சட்டை, பையில் பேனா. புடவையை ஒரு கையில் பிடித்தபடியே சுவரோடு சாய்ந்து நின்று, இன்னொரு கையைப் படுக்கவைத்து மார்பில் சட்டைப்பை மீது வைத்தார். ஒர்க் ஷாப்காரர், அளவு சொல்லச் சொன்னால் வாயால் சொல்ல மாட்டார். "இது வரைக்கும் நின்னுச்சுங்க."

கோடும் கையும் பேனா முனையும் ஒரே மட்டத்தில்.

உடனே கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், இளசாக, அவசரமாக: "அப்பா, தள்ளி நில்லுங்க. படத்துல அழுக்கு விழுது."

அப்பா சிரித்துக்கொண்டே விலகினார். கேமரா திரும்பிவிட்டது. மொத்தம் ஏழு வினாடி இருக்கும். அந்தக் குரல் என்னுடையது.

ஆடிப்பெருக்கு அன்று அக்கா மட்டும் வந்தாள். காவிரிக்குப் படைக்க வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் வருவாள். அம்மாமண்டபம் படித்துறையில் கால் வைக்க இடமில்லை. செம்மண் நிறத்தில் தண்ணீர் படிகளை முட்டிக்கொண்டு போனது. சனம் முழுக்கக் கையை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. கும்பிட்ட கைகளைவிட நீட்டிய கைகள் அதிகம். நானும் போனை எடுத்தேன். ஆற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அக்காவின் மடியில் வைத்து ஓட்டினேன்.

அவள் தண்ணீரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அப்பா பட்டன் மாத்திப் போட்டிருக்கார் பாரு," என்றாள். மறுபடி ஓட்டச் சொன்னாள். மூன்றாவது தடவை, "நிறுத்து," என்று அவர் கை மேல் தன் விரலை வைத்தாள். படம் நகர்ந்துவிட்டது. "ஐயோ, போச்சே." திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தினேன்.

"நெஞ்சுதான்," என்றாள். "நீ சொன்னது சரிதான்."

"புடவை கட்டச் சொன்னது நீ."

"தள்ளி நில்லுங்கன்னு சொன்னது யாராம்?"

இரண்டு பேரும் சிரித்தோம். பக்கத்தில் மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டிருந்த அம்மாள் எங்களைத் திரும்பிப் பார்த்தார். அக்கா முந்தானையால் போன் திரையைத் துடைத்தாள், பிறகு கண்ணை.

அந்த இடத்திலேயே அவள் அந்த ஏழு வினாடியைத் தெருக் குழுவில் போட்டாள். சத்திரத்துக்கு பஸ் ஏறுவதற்குள் பதில் வந்தது. தூக்கிய கட்டைவிரல்கள், ஒரு பத்து. 'அழகான நினைவுகள்' என்று ஒருவர். ஆசாரியின் நம்பர் கிடைக்குமா, பேத்திக்குக் காது குத்த வேண்டும் என்று ஒருவர். பிறகு ஆடிப்பெருக்கு வாழ்த்துகள், பூக்கள். பஸ் காவிரிப் பாலத்தில் ஊர்ந்துகொண்டிருந்தபோது அக்காவுக்கு ஒரு போன். மளிகைக்கடைக்காரர். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"தங்கச்சி, அந்த வீடியோவை எடுத்துரும்மா."

"ஏண்ணே?"

"நானும் எடத்தைக் குடுத்துட்டு மகன்கிட்ட போகலாம்னு இருக்கேன். ஆளு வந்து பாத்துட்டுப் போயிருக்கு. இந்த நேரத்துல..."

"அன்னைக்கு ஒண்ணும் வரலன்னு சொன்னீங்களே."

அவர் குரலைத் தாழ்த்தினார். பஸ் இரைச்சலில் இருவரும் போனுக்குக் குனிந்தோம்.

"எனக்கா தெரியாதும்மா? தராசு மேசை மேல ஒரு பகல் பூரா நின்னேன். இப்பவும் மழை பேஞ்சா கால் தானா மேசைகிட்ட போயிடும். ஆனா நான் மறந்தாதானே அடுத்தவன் வாங்குவான்?"

அக்கா போனை அணைத்தாள். வீடியோவை எடுக்கவில்லை. எடுக்கவும் வேண்டியிருக்கவில்லை, அதற்குள் அது இருபது வாழ்த்துகளுக்கு அடியில் போயிருந்தது.

சத்திரத்தில் இறங்கி, பூக்காரிகளையும் பலாச்சுளைத் தட்டுகளையும் இடித்துக்கொண்டு நாமக்கல் பஸ்ஸைத் தேடினோம். அவளுக்கு ஜன்னல் சீட் கிடைத்தது. நான் கீழே நின்றேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"அப்ப வேணாம்னு சொல்லிடலாம்ல?"

"வாங்கறேன்டி."

"அக்கா!"

"கத்தாத. நாமக்கல்ல நாலு எடம் பாத்தோம். எல்லாத்துலயும் ஒண்ணும் வராதுன்னுதான் சொன்னாங்க. எவ்வளவு வரும்னு எனக்குத் தெரிஞ்ச எடம் உலகத்துலயே இது ஒண்ணுதான்."

"அத்தானை வெச்சுக்கிட்டு..."

"அவருக்காகத்தான். மொட்டைமாடிக்குப் படி இப்ப ஏணி கணக்கா இருக்கு. அதை அகலமா, தாழ்வா, ரெண்டு பக்கமும் கைப்பிடி வெச்சுக் கட்டிக் குடு, ஜலதாரைக்கு உள்ளேருந்து திருகற மூடி போடு, அப்பதான் பத்திரம் பதியறோம்னு வீடு கட்டின ஆளுகிட்ட சொல்லப்போறேன். முடியாதுன்னா வீடு வேணாம். தெனம் காலைல அவரை மேல ஏத்தி எறக்கப் போறேன், எக்சர்சைஸ்னு சொல்லி. எதுக்குன்னு அவருக்குத் தெரிய வேணாம்."

"ஒரு வருஷம் ஏத்துவ. ரெண்டு வருஷம். அப்புறம் நீயே மறந்துடுவ."

அவள் என்னைப் பார்த்தாள். மறுக்கவில்லை. நான் இன்னும் ஏதாவது சொல்ல வேண்டும், சொன்னால் இறங்கிவிடுவாள் என்று தோன்றியது. கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் உறுமிப் பின்னால் நகர்ந்தது. நான் கம்பியை விடாமல் கூடவே நடந்தேன்.

"ப்ளக் எல்லாத்தையும் மேல ஏத்தச் சொல்லப்போறேன்," என்றாள் அக்கா, தலையை வெளியே நீட்டி. "ஆடி கழிஞ்ச மறுநாள் எலக்ட்ரீஷியன் வருவான். எந்த உயரம்னு கேப்பான். அப்பா சட்டைப்பைன்னு சொன்னா அவனுக்கு என்ன புரியும்? நீ வந்து செவுத்துல சாஞ்சு நில்லுடி, ஒட்டடைக்குச்சி. ஓரமா தள்ளி நிக்காம, நடுவுல நில்லு."